மருந்து மாறினால்

1/ ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட விஷயம் இது. இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. துப்பாக்கித் தோட்டாவில் ஆரம்பிச்சு ஆபரேஷன் தியேட்டரில் போய் முடியும்.

2/ முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது துப்பாக்கிக்கு ஆதரவாவோ எதிராவோ எழுதற பதிவு இல்ல. நம்ம நாட்டில் லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நான் இப்ப வேலை பார்க்கிறது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சின்ன மலையூர். இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கிறது சட்டப்படி சரி. பல குடும்பங்களில் தாத்தா காலத்துப் பழக்கம்.

3/ இங்க மான் வேட்டை சீசன்னா நம்ம ஊர் பொங்கல் மாதிரி. நன்றி நவிலல் நாள் முடிஞ்ச கையோட ரைஃபிள் சீசன் தொடங்கும். கிராமப்புறப் பள்ளிகள் பலதுக்கும் அந்தத் திங்கட்கிழமை லீவு. அக்டோபர், நவம்பர்ல பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்ல லைட் எரிஞ்சா, தோட்டா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

4/ என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தஞ்சைத் தாண்டிடுச்சு. ஒரு மெஷின் ஷாப்பில் நாற்பது வருஷம் லேத் ஓட்டினவர். அவர் இடுப்பு ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டது நான்தான். அதிலிருந்து என்னை 'டாக்'னுதான் கூப்பிடுவார். நான் முறுக்கு கொண்டுபோவேன், அவர் மான்கறி தருவார்.

5/ நிறைய பேருக்குத் தெரியாததால கொஞ்சம் விளக்கம். ஒரு தோட்டாவில் நாலு பாகம். பித்தளைக் கூடு. அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர். உள்ளே வெடிமருந்து. நுனியில் குண்டு. சுட்டதும் குண்டு பறந்துடும், மருந்து எரிஞ்சுடும், பிரைமர் செத்துடும். கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் பண்ணி, பிரஸ்ஸில் கொடுத்து பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மத்த மூணையும் புதுசா வைக்கறதுதான் ரீலோடிங்.

6/ அவர் பேஸ்மென்ட்டுக்கு முதல் தடவை போனப்ப எனக்கு ஆச்சரியம். ஏதோ பட்டறை மாதிரி இருக்கும்னு நினைச்சேன். பார்த்தா மயக்கமருந்து டிராலி மாதிரி இருந்துச்சு. தராசு, புனல், லேபிள் ஒட்டிய டப்பாக்கள், ஒரு நோட்டு. முறுக்கை மேலேயே வைக்கச் சொல்லிட்டார். பிரைமரில் ஈயம் இருக்கு, இங்க யாரும் சாப்பிடக் கூடாது, போகும்போது கை கழுவணும். ஒரு டாக்டருக்கு அவர் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் கிளாஸ் எடுத்தார்!

7/ அளவு 'கிரெய்ன்'ல. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். வயசான டாக்டர்களுக்கு இது பழக்கமான சொல். ஆஸ்பிரின் மாத்திரை ஏன் 325 மி.கி.ன்னு ஒரு விநோதமான எண்ணில் வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? அது பழைய கணக்கில் 5 கிரெய்ன். மாத்திரைக்கும் தோட்டாவுக்கும் ஒரே படிக்கல்.

8/ இன்னொண்ணு. சில வகை ரைஃபிள் மருந்தில் நைட்ரோகிளிசரின் இருக்கு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்றோமே, அதே பொருள்தான். வில்லியம் மர்ரெல் 1879-ல் லான்செட்டில் எழுதின பிறகு அது இதய மருந்தா பரவலாச்சு. டைனமைட் கண்டுபிடிச்ச நோபலுக்கே கடைசிக் காலத்தில் டாக்டர்கள் அதைச் சிபாரிசு பண்ணினாங்க. நம்ம நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலைக்குப் பேர் வந்த கார்டைட்டிலும் அதுதான் ஒரு முக்கியப் பொருள்.

9/ இந்த விஷயத்தில் தமிழ் எல்லாருக்கும் முந்தி. சிவகாசியில் கலக்கறதும் மருந்து, நான் சிரிஞ்சில் எடுக்கறதும் மருந்து. ரெண்டிலும் மாறினா என்ன ஆகும்ங்கறதுதான் இந்த இழை.

10/ எதெல்லாம் மாறும்? பெரியவர்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு, 'நாலு பாகம் இருக்கு, நாலும் மாறும்'னார். ஒவ்வொண்ணா சொன்னார், எனக்குப் புரிஞ்ச வரைக்கும் தர்றேன்.

11/ பிரைமர்: பெரிய ரைஃபிள் பிரைமரும் பெரிய பிஸ்டல் பிரைமரும் ஒரே விட்டம். உயரத்தில் மட்டும் நூலிழை வித்தியாசம். மாத்தி வச்சாலும் குழிக்குள் போயிடும். ஆனா பிஸ்டல் பிரைமரின் தகடு மெல்லிசு; ரைஃபிள் அழுத்தத்தைத் தாங்காம ஓட்டை விழலாம். சின்ன சைஸில் ரெண்டுக்கும் வெளியளவுகூட ஒண்ணுதான். அதனால பெட்டியை விட்டு வெளிய வந்து, எதுன்னு தெரியாம மேஜையில் கிடக்கிற பிரைமரை அவர் தொடவே மாட்டார். அது குப்பைதான்.

12/ குண்டு: 150 கிரெய்ன் குண்டும் 180 கிரெய்ன் குண்டும் ஒரே குறுக்களவு. லேசான குண்டுக்கு அளந்த மருந்துமேல கனமான குண்டை வச்சா அழுத்தம் ஏறிடும். கூடு: ராணுவக் கூடுகள் பலதும் கொஞ்சம் தடிமன், உள்ளே இடம் கம்மி. அதே மருந்து போட்டாலும் அழுத்தம் கூடும். பல தடவை சுட்ட கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சா, அது பிளக்கப்போகுதுன்னு அர்த்தம்.

13/ மருந்தே போடாம விட்டுட்டா? பிரைமர் மட்டும் வெடிச்சு குண்டைக் குழாய்க்குள் தள்ளிட்டு நின்னுடும். 'டப்'புனு ஒரு சோம்பேறிச் சத்தம்தான் வரும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழாயே வெடிக்கலாம். அதனால அவர் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: சத்தம் வித்தியாசமா இருந்தா நிறுத்து. அடுத்த தோட்டா வேண்டாம்.

14/ எல்லாத்தையும் விடப் பெரியது மருந்து மாறுவது. கைத்துப்பாக்கி மருந்து வேகமா எரியும், ரைஃபிள் மருந்து நிதானமா எரியும். மாத்திப் போட்டா ரைஃபிளே துண்டு துண்டாகலாம். பேர்களும் குழப்பும். எச் 4350-ன்னு ஒண்ணு, ஐஎம்ஆர் 4350-ன்னு ஒண்ணு. அதே எண், ரெண்டும் கரும்சாம்பல் குச்சிக் குச்சியா இருக்கும். ஆனா ஒண்ணுக்கான அளவை மத்ததுக்குப் போடக் கூடாது.

15/ நமக்குப் பழகின கதைதானே? ஒரே மாதிரி ஆம்ப்யூல், ஒரே மாதிரி பேர். அவர் விதியும் நம்ம விதியும் ஒண்ணு: மேஜைமேல ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிஞ்சதும் மீதியை அதே டப்பாவில் கொட்டி, மூடி, அலமாரிக்குள். லேபிள் இல்லாத மருந்து என்ன விலையானாலும் குப்பை.

16/ இப்ப அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வர்றேன். போன நவம்பர். மதியம் முறுக்கோட போனேன். பெரியவர் கீழே நின்னுட்டு இருந்தார். மேஜையில் ஒரு 4350 டப்பா. கையில் இன்னொரு 4350 டப்பா. ஒண்ணும் பேசல. நான் வந்ததையே கவனிக்கல.

17/ நடந்தது இதுதான். முந்தின நாள் சீசனுக்காக எழுபது தோட்டா நிரப்பியிருக்கார். பாதியில் போன் வந்திருக்கு, மேலே போய்ப் பேசிட்டு வந்திருக்கார். அளக்கிற கருவியில் மருந்து தீர்ந்திருக்க, அலமாரியிலிருந்து எடுத்து ஊத்தி மீதியை முடிச்சிருக்கார். கடைசியில் மிஞ்சினதை மேஜையில் இருந்த டப்பாவில் கொட்டி மூடிட்டார். இன்னிக்கு அலமாரியைத் திறந்தா, இன்னும் பிரிக்கலைன்னு நினைச்ச ரெண்டாவது டப்பா பிரிஞ்சு, பாதிக்கு இறங்கி இருக்கு.

18/ ஆக எழுபதில் கொஞ்சம் ஒரு மருந்து, கொஞ்சம் இன்னொண்ணு. எது எதுன்னு தெரியாது. மேஜையில் இருந்த டப்பாவும் இப்ப கலப்படம். நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். 'ஒவ்வொண்ணா எடை போட்டுப் பார்த்துப் பிரிக்கலாமே?'

19/ 'எடையில் என்ன தெரியும் டாக்? ரெண்டு மருந்தையும் ஒரே எடைக்குத்தான் அளந்திருக்கேன். அதுவும் போக, ஒரு கூட்டுக்கும் இன்னொரு கூட்டுக்குமே சில கிரெய்ன் வித்தியாசம் வரும்.' சரி, கண்ணால பார்த்து? 'உன்னால ஆம்ப்யூலுக்கு வெளிய இருக்கிற தண்ணியைப் பார்த்து இது எந்த மருந்துன்னு சொல்ல முடியுமா?' நான் வாயை மூடிக்கிட்டேன்.

20/ அடுத்து நான் கேட்டது இன்னும் மோசம். 'இதைச் சுட்டா நிஜமாவே ஏதாவது ஆகுமா?' யோசிச்சு உண்மையைச் சொன்னார். 'இந்த ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். நான் எப்பவும் உச்ச அளவுக்குப் போறதும் இல்ல. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது.' நிறுத்திட்டு, 'இதோட வெடிக்கிறது என் கன்னத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல. என் கன்னம்னா பரவால்ல. பேரனும் இதைத்தான் சுடப்போறான்'னார். அவர் நிரப்பினது .30-06. அந்த வகைத் தோட்டாவுக்குள்ள அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரைக்கும் போகும். கார் டயரில் முப்பத்தஞ்சு பவுண்டு வைக்கிறோம், நினைச்சுப் பாருங்க.

21/ எழுபதில் ஐம்பதுதான் மேஜையில் இருந்துச்சு. இருபதை முந்தின நாள் சாயங்காலமே மகன் வாங்கிட்டுப் போயிட்டார். பெரியவர் எனக்கு முன்னாடியே போனை எடுத்தார். ஸ்பீக்கரில்தான் போட்டார், காது மந்தம்.

22/ அவர் பேசினது மொத்தமே நாலு வரி. 'நேத்து கொடுத்த இருபதில் நான் தப்பு பண்ணிட்டேன். ரெண்டு மருந்து கலந்துடுச்சு. ஒண்ணுகூடச் சுடாதே, பையனையும் தொட விடாதே. எண்ணிப் பார்த்து இருபதையும் திரும்பக் கொண்டா.' மறுமுனையில் மகன், 'அப்பா, ரெண்டு சுட்டுப் பார்த்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு'ன்னார். 'சரி, அப்ப பதினெட்டு கொண்டா. ரெண்டு காலிக் கூட்டையும் கொண்டா, பார்க்கணும்.'

23/ அவ்வளவுதான். போன் வந்ததால, லைட் சரியில்லாததால, வயசாயிடுச்சு, டப்பா ஒரே மாதிரி இருக்கு... எந்தச் சாக்கும் இல்ல. இத்தனைக்கும் எல்லாமே உண்மையான காரணங்கள்தான். மகன் முன்னாடி தலைகுனிவா இருந்திருக்கும். நாற்பது வருஷம் ஆயிரத்தில் ஒரு அங்குலம் பார்த்து வேலை செஞ்ச மனுஷன்.

24/ அப்புறம் கலைக்கும் வேலை. பிளாஸ்டிக் சுத்தியல் மாதிரி ஒரு கருவி, தலைப்பகுதி உள்ளே கூடா இருக்கும். தோட்டாவை அதில் மாட்டி கெட்டியான இடத்தில் ஓங்கித் தட்டினா, குண்டும் மருந்தும் கழண்டு உள்ளேயே விழும். எனக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார். டக், டக், டக். ஒரு தோட்டாவுக்கு மூணு தட்டு. குண்டு ஒரு கிண்ணத்தில், பிரைமரோட கூடு பலகையில், மருந்து ஒரு தகர டப்பாவில். குண்டும் கூடும் மறுபடி ஆகும். மருந்து மட்டும் ஆகாது.

25/ பத்திருபது ஆனதும் என் கை தானா ஓடுச்சு, மனசு வேற எங்கேயோ போச்சு. பதினாலு வருஷம் பின்னாடி. தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவமனை. நான் மயக்கவியல் பி.ஜி. அன்னிக்கு ஏழாவதோ எட்டாவதோ கேஸ். குடலிறக்க ஆபரேஷன், நாற்பது சொச்சம் வயசு, ஆட்டோ ஓட்டற அண்ணன்.

26/ ஆபரேஷனுக்குத் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து, வெக்யூரோனியம். முடிஞ்சதும் அதை முறிக்க இன்னொண்ணு, நியோஸ்டிக்மின். இப்ப சிரிஞ்சுக்கு நிற லேபிள் இருக்கு: தளர்த்துவதற்குச் சிவப்பு, முறிப்பதற்குச் சிவப்பில் வெள்ளைச் சாய்வுக்கோடு. அன்னிக்கு எங்களுக்கு மைக்ரோபோர் துண்டும் பால்பாயிண்ட் பேனாவும்தான். அதுவும் அன்னிக்கு நான் ஒட்டல. எனக்குத்தான் தெரியுமே, எதுக்கு லேபிள்?

27/ கேஸ் முடிஞ்சுது. கேஸை நிறுத்திட்டேன், அவர் தானா மூச்சு விட ஆரம்பிச்சார். முறிக்கிற மருந்துன்னு எடுத்து ஏத்தினேன். மூச்சு நல்லா வரணும். நின்னுடுச்சு. பை அசையல. டிரேயைப் பார்த்தா நியோஸ்டிக்மின் முழுசா அப்படியே இருக்கு. நான் மறுபடியும் வெக்யூரோனியத்தையே ஏத்தியிருக்கேன்.

28/ கை சில்லுனு ஆச்சு. ஆனாலும் வென்டிலேட் பண்ணிக்கிட்டே இருந்தேன், மயக்க வாயுவைத் திரும்பத் திறந்தேன். நாற்பது நிமிஷம் கழிச்சு ஒழுங்கா முறிச்சு எழுப்பினேன். ஆக்ஸிஜன் ஒரு தடவைகூட இறங்கல. உயிருக்கு ஒண்ணும் ஆகல. சீனியர் கேட்டப்ப 'தெளிய லேட் ஆகுது சார்'னேன். கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதினேன்.

29/ அது இல்ல என் குற்றம். சிரிஞ்சு மாறுவது களைச்ச எந்தக் கைக்கும் நடக்கும். என் குற்றம் மறுநாள் காலை. வார்டுக்குப் போனேன். அந்த அண்ணன் சொன்னார்: 'சார், நீங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு. மூச்சு விட முடியல, கையத் தூக்கணும்னு பார்த்தேன், முடியல. செத்துட்டேன்னு நினைச்சேன்.'

30/ நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'மயக்க மருந்துல அப்படித்தான்ணே கனவு வரும்.' தோளைத் தட்டிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். அவரும் 'அப்படிங்களா சார்'னார். நம்பினாரா, எனக்காகத் தலையாட்டினாரா, தெரியாது.

31/ விழிப்போட இருந்தும் உடம்பு அசையாத நிலை நிஜம். இங்கிலாந்து, அயர்லாந்து மயக்கவியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட நாப்-5 ஆய்வில், பொது மயக்கத்தில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இப்படி நினைவு இருந்ததாச் சொல்லியிருந்தாங்க. சிரிஞ்சு மாறினதால விழிச்சபடி முடங்கினவங்களைப் பத்தி அதில் தனி அத்தியாயமே இருக்கு. படிச்சப்ப என் கேஸை யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. இவங்களில் சிலருக்குத் தூக்கம் போகும், படுத்தாலே பயம் வரும். அவங்களுக்கு முதல் தேவை, 'நீங்க சொல்றது உண்மை, நடந்தது இது'ன்னு ஒருத்தர் நேரா சொல்வது.

32/ முப்பதாவது தோட்டாவோ என்னமோ, சுத்தியலைக் கீழ வச்சுட்டு இதைப் பெரியவர்கிட்ட சொன்னேன். என் மனைவியைத் தவிர வேற யாருக்கும் சொன்னதில்ல. முழுசா கேட்டார். ஒரே ஒரு கேள்விதான்: 'அந்த ஆளுகிட்ட சொன்னியா?'

33/ இல்லைன்னேன். அவர் திட்டவும் இல்ல, ஆறுதலும் சொல்லல. அடுத்த தோட்டாவை எடுத்து என் கையில் கொடுத்தார். டக், டக், டக்.

34/ சாயங்காலம் மகன் பதினெட்டோட வந்தார். அதையும் கலைச்சோம். காலிக் கூடு ரெண்டையும் பெரியவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார், பிரச்சினை ஒண்ணும் தெரியல. அதுக்காக அவர் மனசை மாத்திக்கல. கலந்த மருந்தையும் அந்த டப்பாவையும் தண்ணி வாளி பக்கத்தில் வச்சு, திறந்த வெளியில் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு அழிச்சார். நோட்டில் தேதி போட்டு எழுதினார்: 'எழுபது. ரெண்டு டப்பா. போனுக்குப் பிறகு லேபிள் பார்க்கவில்லை. 68 கலைத்தேன். 2 சுடப்பட்டது.' அதுக்குக் கீழே பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

35/ நான் அந்த அண்ணனைத் தேடினேன். பதினாலு வருஷத்துக்கு முந்தின கேஸ் ஷீட், பேர்கூட முழுசா ஞாபகம் இல்ல. கிடைக்கல. அன்னிக்கு ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சிருக்க வேண்டியது, இன்னிக்குச் செய்யவே முடியாததாயிடுச்சு. சுட்ட தோட்டாவைக் கலைக்க முடியாது.

36/ பி.ஜி. படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு: லேபிள் ஒட்டாத சிரிஞ்சு குப்பை, யார் எடுத்ததா இருந்தாலும். நடுவில் போன் வந்தா, யாராவது கூப்பிட்டா, திரும்பி வந்ததும் முதலிலிருந்து படிங்க. சந்தேகம் வந்தா கொட்டிட்டுப் புதுசா எடுங்க. இதையும் மீறித் தப்பு நடக்கும். நடந்தா முதல்ல நோயாளியைக் காப்பாத்துங்க. அப்புறம் சீனியர்கிட்ட சொல்லுங்க, ஷீட்டில் உள்ளதை எழுதுங்க, நோயாளிகிட்ட போய் உட்கார்ந்து சொல்லுங்க. கடைசி வேலைதான் கஷ்டம்.

37/ ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு: மயக்கத்தில் பேச்சு கேட்டுச்சு, அசைய முடியலன்னு ஞாபகம் இருந்தா, மயக்க டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. என்னை மாதிரி ஒருத்தர் 'கனவு'ன்னு சொன்னா விடாதீங்க, இன்னொருத்தர்கிட்ட சொல்லுங்க.

38/ அந்த ஆட்டோ அண்ணன் இதைப் படிப்பார்னு நான் நினைக்கல. ஒருவேளை யாராவது ஒருத்தர் வீட்டில் 'ஆபரேஷன்ல எனக்கு எல்லாம் கேட்டுச்சு, டாக்டர் கனவுன்னுட்டார்'னு சொல்ற அப்பாவோ மாமாவோ இருந்தா, அவருக்குப் படிச்சுக் காட்டுங்க. அண்ணே, அது கனவு இல்ல. மருந்து மாறிடுச்சு. மாத்தினது நான்தான். மன்னிச்சிடுங்க.